நாற்பதாயிரத்து ஒன்று

பாடாங் செராய் சடக்கோரம் ஃபேக்டரி பஸ்சுக்கு நிற்கையில்
செம்பனை லாரி ஒன்று நாலு பழம் உதிர்த்துவிட்டுப் போகிறது.
யாரும் பொறுக்குவதில்லை.
வழக்கமான கிழிந்த சீட்டில் ஏறி
கூலிம் வரைக்கும் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

என் வேலை அடிப்பது.
சரியாகச் சொன்னால், அடிக்கிற மெஷினுக்கு
ராத்திரி முழுக்கக் காவல் இருப்பது.
வெற்றிலை அளவு ஒரு பட்டை.
தீபாவளிக்கு ஊற்றும் அகார் அகார் போல
அடுக்கடுக்காய் வழவழப்பு:
உப்பு, தண்ணீர், உப்பு, தண்ணீர்.

விலாங்கைப் பார்த்துச் செய்ததாம்.
பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் நம்முடையது அல்ல,
எங்கோ ஒரு பெரிய ஆற்றில்
தொட்டவனை உதறிப்போடும் இன்னொன்று.
"உப்பு அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு
ஓடத் துடிக்கும். அந்த ஓட்டம்தான் கரண்ட்"
என்றாள் டாக்டர் ஹஸ்லினா, தே ஓ குடித்தபடி.
அடுக்குகள் தள்ளியே இருக்கும்.
அழுத்தினால் சேரும். சேர்ந்தால் ஓடும்.

செம்பனைக் காட்டோரம் மண்டிக்கிடக்கும் தொட்டாற்சுருங்கி
தொட்டால் மூடிக்கொள்கிறது.
இது தொட்டால் கண் திறக்கிறது.
இரண்டில் எது வெட்கம், எது பயம்?

அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள்.
அம்மி நகர்ந்து நான் பார்த்ததில்லை.
பட்டை நகராது, வெளுக்கும்.
பன்னிரண்டாயிரத்தில் ஓரம் காயும்.
முப்பதாயிரத்தில் மயிரிழையாய் ஒரு விரிசல்.
நாற்பதாயிரம் தாங்கினால் பாஸ்.
பாஸான பட்டையையும் குப்பையில்தான் போடவேண்டும்.
விதி அப்படி.

போன மாதம், மெஷின் போதாது என்றாள்.
மெஷின் ஒரே மாதிரி அடிக்கும்,
மனுஷர் அப்படியா மிதிக்கிறோம்?
என் சப்பாத்துக்குள் ஆளுக்கொரு பட்டை,
கணுக்காலில் தீப்பெட்டி அளவு ஒரு பெட்டி.
பன்னிரண்டு மணி நேரம்
நின்றேன், நடந்தேன், ட்ரே தூக்கினேன்.

காலையில் திரையில் இரண்டு கோடுகள்.
இடதுகால் மலை மலையாக.
வலதுகால், பின்னாலேயே வரும் நாய் போல
தயங்கித் தயங்கி.
"முட்டி வலியா?"
இல்லை என்றேன்.
எட்டு வருஷமாக இல்லை என்றுதான் சொல்லிவருகிறேன்,
கிளினிக்கில், வீட்டில்,
தீமிதிக்குப் பேர் கொடுத்தபோதுகூட.

மூன்று இருபதிலிருந்து மூன்று முப்பத்தொன்று வரை
இரண்டு கோடும் தரையோடு படுத்திருந்தன.
"இங்கே கழற்றிவிட்டீர்களா, சுகுணவதி?"

ஸ்டோர் ரூமில் கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து
இரண்டு காலையும் இன்னொரு பெட்டிமேல் நீட்டியிருந்தேன்.
பதினொரு நிமிஷம்
என் பாதங்கள் யாருக்கும் வேலை செய்யவில்லை.

"வயர் லூஸ்" என்றேன்.
அவள் என்னைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள்.
"வயர் லூஸ்" என்று எழுதிக்கொண்டாள்.

அன்று பாஸான பட்டை ஒன்றை
டிபன் கேரியரின் கீழ்த்தட்டில்
மிஞ்சிய ஊறுகாய்க்குப் பக்கத்தில் கடத்திவந்தேன்.
உப்போடு உப்பு. கேட்டில் ஜாகா கண்டுபிடிக்கவில்லை.

லீவு நாள் ராத்திரி
அலமாரிக் காலுக்கடியில் அதைச் செருகி
கடுகளவு பல்பு ஒன்றைக் கோத்துவைத்தேன்.
ஒன்றும் ஆகவில்லை.
மகன் லோகித்தன் போனைப் பார்த்தபடியே
"என்னம்மா, எலிப்பொறியா?" என்றான்.
தூங்கப் போனான்.

இரண்டரைக்கு
மில்லுக்குப் போகும் லாரி திருப்பத்துப் பள்ளத்தில் இறங்கியது.
தகரம் நடுங்கியது, தட்டுகள் நடுங்கின,
பத்தொன்பது வருஷமாக நான் திட்டும் அதே நடுக்கம்.
அலமாரிக்கு அடியில்
கடுகு சிவந்து
அணைந்தது.

நாற்பதாயிரத்து ஒன்று என்றேன்,
எழுதிக்கொள்ள யாரும் இல்லாத இருட்டில்.

அடுத்த லாரி மூன்றே காலுக்கு.
விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.
முட்டி வலிக்கிறது.